மனத்துக்கும் வைத்தியம் உண்டு



பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து பிறருடைய குற்றங்களைக் கேட்பது குருவானவரின் கடமை. இன்று நான் என்னுடைய குற்றம் ஒன்றை உங்கள் முன் சொல்லி இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்தார் சம்மதித்தபடியால்தான் எழுதுகிறேன். அவர்கள் நம் பங்கைச் சேர்ந்தவர்கள் அல்லர். நான் சொல்லப்போவது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதும் அன்று.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு பங்கில் இருந்தபோது, ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு தகப்பனார் கோவில் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். "சாமி, பையன் முன்னைப்போல இல்லை. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். சரியாகச் சாப்பிடுவதில்லை. ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறான், பகலில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக்கிடக்கிறான். பந்து விளையாடக்கூடப் போவதில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான்" என்றார். அன்று எனக்கு அடுத்த கிராமத்தில் பூசை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "ஒன்பது நாள் நவநாள் செய்யுங்கள். வேளாங்கண்ணிக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள். வயசுக் கோளாறுதான், சரியாகிவிடும்" என்றேன். பையனையும் கூப்பிட்டு, "அப்பாவும் அம்மாவும் எவ்வளவு கஷ்டப்படுகிறார்கள்! நீ நன்றாகப் படிக்கவேண்டாமா?" என்று புத்தி சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "சரி சாமி" என்றான்.

அவர்கள் நவநாளும் செய்தார்கள், வேளாங்கண்ணிக்கும் போய்வந்தார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் அந்தப் பையன் தன் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தான். சர்வேசுரனுடைய கிருபையாலும், பக்கத்து வீட்டாரின் சுறுசுறுப்பாலும் பிழைத்தான். அவஸ்தைப்பூசுதல் கொடுக்க ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கிருந்த டாக்டர் அம்மாள், "இத்தனை நாளாகப் பையனிடம் ஏற்பட்ட மாறுதலை ஒருவருமே கவனிக்கவில்லையா?" என்று கேட்டார். பெற்றோர் கவனித்திருந்தார்கள். என்னிடம் வந்து சொல்லியும் இருந்தார்கள். கேட்டும் கேளாதவன் நான்தான்.

ஜெபம் செய்யச் சொன்னது தவறன்று. ஜெபத்தோடு நிறுத்திக்கொண்டதே தவறு. கால் முறிந்து வந்தவனை நான் நவநாள் சொல்லி மட்டும் அனுப்பியிருப்பேனா? முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பியிருப்பேன். மனம் முறிந்து வந்தவனுக்கு மாத்திரம் வேறு நியாயம் ஏன்? இந்தக் கேள்விதான் இவ்வாரப் பாடம்.

வேதாகமம் காட்டும் வழி

எலியாஸ் தீர்க்கதரிசியைப்போல விசுவாசத்தில் உறுதியானவர் யார்? அப்படிப்பட்டவர் ஒரு நாள் வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழ் உட்கார்ந்து, தமக்கு உயிர் போதும், சாவு வரட்டும் என்று மன்றாடினார் என்று அரசராகமம் சொல்லுகிறது. அப்பொழுது சர்வேசுரன் அவரைக் கண்டித்தாரா? இல்லை. பிரசங்கம் செய்தாரா? அதுவும் இல்லை. அவரைத் தூங்க விட்டார். சம்மனசானவரை அனுப்பி, தொட்டு எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்க விட்டு, மறுபடியும் எழுப்பி உண்ணச் செய்தார். அதன் பிறகே மலைக்கு நடக்கும் பெலன் அவருக்கு வந்தது. அங்கேதான் சர்வேசுரன் அவரோடு பேசினார். தூக்கம், உணவு, பக்கத்தில் ஒருவர், அப்புறம் பேச்சு! இந்த ஒழுங்கைக் கவனியுங்கள்.

சீராக் ஆகமத்தின் 38-ம் அதிகாரம் வைத்தியரை மதிக்கும்படியும், நோயாளி ஜெபமும் செய்து வைத்தியருக்கும் இடங்கொடுக்கும்படியும் கற்பிக்கிறது. வைத்தியரையும் ஆண்டவரே உண்டாக்கினார் என்பது அதன் காரணம்.

அர்ச்சியசிஷ்டவர்களின் குடும்பத்திலும் மனோவியாதி புகுந்ததுண்டு. குழந்தை சேசுவின் அர்ச். தெரேசம்மாளுடைய தகப்பனார் லூயி மார்ட்டின் முதிர்ந்த வயதில் புத்தி தடுமாறி, 1889 முதல் 1892 வரை பிரான்சு தேசத்தில் கான் நகரத்து மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஊரார் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அவருடைய பெண்களுக்கு அது பெரிய சிலுவை. ஆனால் அவரைத் திருச்சபை 2015 அக்டோபர் 18-ல் அவர் மனைவி செலியம்மாளோடு அர்ச்சியசிஷ்டவர் பட்டத்துக்கு உயர்த்தியது. மனோவியாதி மோட்சத்தின் வாசலை அடைக்காது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

பாவசங்கீர்த்தனமும் மனச் சிகிச்சையும்

"சாமியாரிடம் சொன்னால் போதாதா? இன்னொருவரிடம் எதற்குச் சொல்லவேண்டும்?" என்று நம்மவர் கேட்பதுண்டு. இரண்டும் வெவ்வேறு காரியங்கள். பாவம் என்பது நாம் மனது பொருந்திச் செய்வது. அதற்கு மருந்து மனஸ்தாபமும் பாவப்பொறுத்தலும். மனக்காயம் என்பது நமக்கு நேர்ந்தது. அதற்கு மருந்து சிகிச்சை. காயத்தைப் பாவமென்று எண்ணிச் சங்கீர்த்தனம் செய்கிறவனுக்கு ஆறுதல் கிடைக்காது. பாவத்தைக் காயமென்று எண்ணி டாக்டரிடம் மட்டும் போகிறவனுக்குப் பொறுத்தல் கிடைக்காது.

இதை நான் என் சொந்தப் புத்தியால் சொல்லவில்லை. பரிசுத்த பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1953 ஏப்ரல் 13-ல் மனச் சிகிச்சை நிபுணர்களின் சர்வதேச மாநாட்டினருக்கு ஆற்றிய உரையில் இந்த வேற்றுமையை எடுத்துக்காட்டினார். நோயினால் வரும் குற்ற உணர்ச்சியும் உண்டு, உண்மையான குற்றத்தால் வரும் உணர்ச்சியும் உண்டு என்றும், பின்னதை மனோதத்துவம் மாத்திரம் தீர்க்க முடியாது என்றும் கூறினார். பின்பு 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும், ஆத்துமங்களை வழிநடத்துவதில் மனோதத்துவ அறிவைப் பயன்படுத்தவேண்டும் என்று போதித்தது.

ஓர் உதாரணம்: சொன்ன பாவத்தையே வாரந்தோறும் மறுபடியும் மறுபடியும் சொல்ல வருகிறவர்கள் உண்டு. "சரியாகச் சொன்னேனா? மன்னிப்புக் கிடைத்ததா?" என்று அவர்களுக்கு ஓயாத வேதனை. அர்ச். இஞ்ஞாசியாரே 1522-ல் மன்ரேசா ஊரில் இந்த வேதனைக்கு ஆளாகி, உயிரை விட்டுவிடலாமா என்னும் சோதனை வரைக்கும் போனார். இது பல வேளைகளில் பக்தியின் மிகுதி அன்று. ஒரு வகை மனோவியாதி. மறுபடி சொல்லவேண்டும் என்ற தூண்டுதல் எழும்போது அதற்கு இணங்காமல், அந்தக் கலக்கம் தானே தணியும்வரை பொறுத்திருக்கச் சிகிச்சையாளர் படிப்படியாகப் பழக்குகிறார். பாவசங்கீர்த்தன குருவும் அவரும் ஒரே விதமாகச் சொன்னால் குணம் விரைவில் வரும்.

பெரியவர்களுக்குச் சிகிச்சை எப்படி நடக்கிறது?

மனச் சிகிச்சை என்றதும் பலருக்கு மின்சாரமும் சங்கிலியும் ஞாபகத்துக்கு வருகின்றன. உண்மையில் பெரும்பாலும் அது இரண்டு நாற்காலிகளும் பேச்சும்தான். வழக்கமாக வாரம் ஒரு முறை, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். சிகிச்சையாளர் புத்திமதி சொல்லுவதைக் காட்டிலும் கேட்பது அதிகம். பிறகு வீட்டில் செய்து பார்க்கச் சில பயிற்சிகளைக் கொடுப்பார்.

ஒரு கடைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போகும்போது திடீரென்று நெஞ்சு படபடத்து, வியர்த்து, உயிர் போகிறதுபோல இருக்கிறது. இருதய டாக்டர் சோதித்து, இருதயம் நன்றாக இருக்கிறது என்கிறார். ஆனாலும் அவர் பஸ் ஏறுவதை விட்டுவிடுகிறார்; பிறகு சந்தைக்குப் போவதையும், கடைசியில் பூசைக்கு வருவதையும் விட்டுவிடுகிறார். விலக விலகப் பயம் வளருகிறது. சிகிச்சையாளர் முதலில், இந்தப் படபடப்பு தானே ஏறி, சிறிது நேரத்தில் தானே இறங்கும் என்பதை விளக்குவார். பிறகு ஒரு நாள் பஸ் நிலையத்தில் நின்றுவிட்டு வரச் சொல்லுவார். அடுத்தபடியாக ஒரே ஒரு நிறுத்தம் வரை போய்வரச் சொல்லுவார். இப்படி, பயந்ததைச் சிறிது சிறிதாகச் சந்தித்தே பயத்தை வெல்லுகிறார்கள்.

மனச்சோர்வு வேறு விதமானது. ஒன்றிலும் பிடித்தமில்லாததால் மனிதன் ஒன்றும் செய்வதில்லை. ஒன்றும் செய்யாததால் இன்னும் பிடித்தமில்லாமல் போகிறது. இந்தச் செக்கை நிறுத்தவே, "தினமும் பத்து நிமிஷம் நடங்கள், ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்" என்று அற்பமாகத் தோன்றும் வேலைகளைக் கொடுக்கிறார்கள். "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்ற எண்ணம் வரும்போது, அது உண்மைதானா என்று சாட்சிகளை வைத்து விசாரிக்கவும் கற்பிக்கிறார்கள். துக்கமும் தூக்கமின்மையும் எதிலும் ஆசையின்மையும் இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் தாமதிக்கவேண்டாம். பிள்ளை பெற்ற தாய் காரணமின்றி அழுதாலும், குழந்தையை ஏறெடுத்துப் பாராவிட்டாலும் அதைத் திமிர் என்று ஏசாதீர்கள். அது பிரசவத்துக்குப்பின் பலருக்கு வரும் நோய், குணமாகக்கூடியது.

வளரும் பிள்ளைகளுக்கு

மனோவியாதிகளில் பாதியளவு 18 வயதுக்குள்ளாகவே தொடங்கிவிடுகின்றன என்றும், பெரும்பாலானவை கண்டுகொள்ளப்படாமலே போகின்றன என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரிக்கிறது. பிள்ளை எப்போதும் "எனக்குச் சோகம்" என்று வாய்விட்டுச் சொல்லாது. எரிந்து விழும், நண்பர்களை விட்டு விலகும், பகலில் தூங்கி இரவில் செல்போனோடு விழித்திருக்கும், மதிப்பெண் குறையும், தலைவலி, வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கூடம் போக மறுக்கும்.

"சாகவேண்டும்போல இருக்கிறதா?" என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடாதா என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அப்படி ஆவதில்லை. அன்பாக, நேராகக் கேட்பது பிள்ளையின் பாரத்தைக் குறைக்கிறது. பதில் எதுவானாலும் கோபிக்காமல் கேளுங்கள். "ஆம்" என்றால் பிள்ளையைத் தனியே விடாமல் அன்றே டாக்டரிடம் கொண்டுபோங்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். கைக்கெட்டாமல் இருந்ததாலேயே, அந்த வேகம் தணிந்து பிழைத்தவர்கள் அநேகர்.

அந்தப் பையன் குணமான பிறகு ஒரு நாள் என்னைப் பார்க்க வந்தான். "அன்றைக்கு ஏன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "சாமி, நீங்கள் அப்பா அம்மா கஷ்டத்தைச் சொன்னீர்கள். நான் இல்லாவிட்டால் அவர்களுக்குக் கஷ்டம் குறையும் என்று நினைத்தேன்" என்றான். நல்ல வார்த்தை என்று எண்ணி நான் சொன்னது அவன் காதில் எப்படி விழுந்தது பாருங்கள்! மனம் நொந்த பிள்ளைக்குப் புத்திமதி கொடுக்குமுன் செவி கொடுக்கவேண்டும்.

குடும்பத்துக்கு

அவனுக்குச் சிகிச்சை தந்த அம்மாள், சில வாரங்கள் கழித்துத் தாய் தகப்பனையும் கூப்பிட்டார். தகப்பனாருக்கு முதலில் கோபம். "நோய் அவனுக்கு, எனக்கு எதற்கு வைத்தியம்?" என்றார். அந்த அம்மாள் யாரையும் குற்றம் சாட்டவில்லை. "போன வாரம் மகனோடு என்னென்ன பேசினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். தகப்பனார் யோசித்துப் பார்த்தார். பேசியதெல்லாம் மதிப்பெண்; இல்லாவிட்டால் அண்ணன் மகன் வாங்கிய மதிப்பெண். பையன் தகப்பனோடு பேசவேண்டியதைத் தாயிடம் சொல்லுவான்; தகப்பன் மகனிடம் சொல்லவேண்டியதையும் தாயிடமே சொல்லுவார். இருவருக்கும் நடுவில் தாய் தபால்காரிபோல ஓடி இளைத்துப்போயிருந்தாள்.

அவர்கள் மூவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். இராச் சாப்பாட்டின்போது படிப்பைப் பற்றிப் பேச்சில்லை, செல்போன் இல்லை, தகப்பனும் மகனும் நேருக்கு நேர் பேசவேண்டும். முதல் வாரம் மூவரும் மௌனமாகவே சாப்பிட்டார்களாம். இரண்டாம் வாரம் தகப்பனார், தாம் பத்தாம் வகுப்பில் தவறிப்போன கதையைச் சொன்னார். மகன் அதுவரை அதைக் கேள்விப்பட்டதேயில்லை. அதற்கடுத்த ஆண்டு பரீட்சைக்கு முன் நோய் திரும்பத் தலைகாட்டியது. ஆனால் இம்முறை அவர்களுக்கு அடையாளம் தெரிந்திருந்தது. அந்த வாரமே சிகிச்சைக்குப் போனார்கள். இன்று அவன் வேலைக்குப் போகிறான். சில மாதங்கள் நன்றாக இருக்கின்றன, சில மாதங்கள் கடினமாக இருக்கின்றன. அவன் உயிரோடிருக்கிறான், பேசுகிறான்.

குடும்பத்தைச் சேர்த்துச் சிகிச்சை செய்வது நம் நாட்டுக்குப் புதிதன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையம் பல்லாண்டுகளுக்கு முன்பே நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை செய்யும் முறையைக் கைக்கொண்டது. ஆனால் ஓர் எச்சரிக்கை: அடியும் உதையும் நடக்கும் வீட்டில், இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுவது முதல் வேலையன்று. அடிபடுகிறவளின் பாதுகாப்பே முதல் வேலை. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற தொலைபேசி உதவி உண்டு. "பொறுத்துக்கொள், அம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்புகிற குருவாக நான் இருக்க விரும்பவில்லை.

சில கேள்விகளும் விடைகளும்

கேள்வி: இது பேயின் வேலையாக இருக்கலாமல்லவா?
விடை: எளிதில் அப்படி நம்பக்கூடாது என்று 1614-ல் வெளியான உரோமைச் சடங்கு நூலே குருக்களை எச்சரித்தது. மேற்றிராணியாரின் விசேஷ அனுமதியின்றி எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கை நடத்த முடியாது. முதலில் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: மாத்திரை சாப்பிட்டால் பழக்கமாகிவிடாதா?
விடை: மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்துகள் குடியைப்போல அடிமைப்படுத்துகிறவையல்ல. சில தூக்க மாத்திரைகள் பழக்கமாகக்கூடும். ஆகையால் டாக்டர் சொன்ன அளவும் காலமும் தவறக்கூடாது. எந்த மருந்தையும் ஜெபக்கூட்டத்தில் யாரோ சொன்னார் என்று திடீரென்று நிறுத்தாதீர்கள்.

கேள்வி: நான் சொல்லுவதை வெளியே சொல்லிவிடுவார்களா?
விடை: நோயாளியின் இரகசியத்தைக் காக்கவேண்டும் என்று 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் கட்டளையிடுகிறது. உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை போன்ற காரியங்களில் மட்டும் சொல்லவேண்டிய கடமை உண்டு. உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மனவேதனைக்கு ஆளானவராகவே அச்சட்டம் கருதுகிறது. ஆகவே போலீசுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடவேண்டாம்.

கேள்வி: டாக்டர் நம் வேதத்தைச் சேராதவராயிருந்தால்?
விடை: வழியில் காயப்பட்டுக் கிடந்தவனுக்குக் கட்டுப் போட்டவன் சமாரியன் அல்லவா? பாப்பரசர் பிரான்சிஸ், தமது 42-ம் வயதில் ஆறு மாதம் வாரந்தோறும் யூத குலத்தைச் சேர்ந்த ஒரு பெண் மனோதத்துவ நிபுணரிடம் போனதை 2017-ல் வெளிவந்த பேட்டி நூலில் வெட்கமின்றிச் சொன்னார். சிகிச்சையாளர் முறையாகப் படித்தவரா, உங்கள் விசுவாசத்தை மதிக்கிறவரா என்று கேட்டறியுங்கள், அது போதும்.

கேள்வி: தற்கொலையால் இறந்தவர்களின் கதி என்ன?
விடை: 1917-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், மனமறிந்து தற்கொலை செய்துகொண்டவர்களுக்குக் கிறிஸ்தவ அடக்கத்தை மறுத்தது. 1983-ம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. உயிர் நம்முடையதன்று, சர்வேசுரனுடையது. ஆயினும் கடுமையான மனோவியாதி குற்றப் பொறுப்பைக் குறைக்கிறது என்றும், அவர்களுடைய இரட்சணியத்தைப்பற்றி நம்பிக்கையிழக்கலாகாது என்றும் 1992-ம் ஆண்டு ஞானோபதேச நூல் போதிக்கிறது. அப்படிப் பிள்ளையை இழந்த தாய்மார் நம்மிடையே இருந்தால், பூசைக்குத் தலைநிமிர்ந்து வாருங்கள்; உங்கள் பிள்ளைக்காக நான் பூசை வைப்பேன்.

கேள்வி: எங்கே போவது?
விடை: மாவட்ட அரசு தலைமை ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு, கட்டணமில்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் என்னும் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை ஜெபப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இவ்வாரத் தீர்மானம்

இந்த வாரம் ஒரு நாளாவது, இராச் சாப்பாட்டின்போது படிப்பும் பணமும் பேசாமல், வீட்டில் ஒவ்வொருவரையும், "மனத்துக்கு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் வரத் தாமதித்தால் காத்திருங்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து ஜெபமாலை சொல்லுங்கள்.

ஜெபம்: ஜெத்சேமனித் தோட்டத்தில் மரணமட்டும் துக்கப்பட்ட எங்கள் நல்ல சேசுவே, எங்கள் வீடுகளில் மௌனமாகத் துன்பப்படுகிறவர்களைத் தேவரீர் அறிவீர். அவர்கள் வாய் திறக்கத் தைரியத்தையும், நாங்கள் பொறுமையோடு கேட்கச் செவியையும், வைத்தியர்களுக்கு ஞானத்தையும் தந்தருளும். வியாதிக்காரருக்கு ஆரோக்கியமான மாதாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.

ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் எனக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளவில்லை. பேச விரும்புகிறவர்கள் அறைக்கு வரலாம். கேட்பது என் வேலை. அதற்குமேல் தேவையானால், டாக்டரிடம் போகும் முதல் நாள் உங்களோடு நானும் வருகிறேன்.

உங்கள் பங்குச் சுவாமி